விழுந்துபோன 'இல்லை'

கனடாவில இருக்கிற மாமா ஞாயிறு பின்னேரங்களில கோல் எடுப்பார். போன வருசம் ஒருநாள் அம்மம்மா அவரிட்ட ஒரு விசயம் கேட்டா: வீட்டை அம்மாவின்ர பேருக்கு எழுதட்டோ எண்டு. "எனக்கு அதில கவலை..." எண்டதோட மாமாவின்ர குரல் அறுந்துபோச்சு. பிறகு கோலும் நிண்டிட்டுது. அண்டைக்கு இரவு அம்மம்மா சாப்பிடேல்லை.

அடுத்தநாள்தான் தெரியும், மாமா சொன்னது "கவலை இல்லை". தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும். அந்தச் சொல் எங்கே விழுந்தது என்று நிரூபிக்க ஏலாது. ஆனால் அதே நேரம், அதே வைஃபையில் நான் படம் இறக்கிக்கொண்டிருந்தேன். தம்பி கேம் விளையாடிக்கொண்டிருந்தான்.

குற்ற உணர்ச்சியோடு தேடி வாசித்தேன். வைஃபையில் ஒரே அலைவரிசையை எல்லாக் கருவிகளும் பங்கிடுகின்றன. இரண்டு ஒன்றாகப் பேசினால் இரண்டுமே பழுது. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அலோஹாநெட், "நினைத்த நேரம் அனுப்பு, மோதினால் பொறுத்துத் திரும்ப அனுப்பு" என்று விட்டது. கணக்குப்படி அதில் அலைவரிசையின் 18 வீதம்தான் பயன்படும். நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பினால் 37 வீதம். வைஃபை முதலில் காதுகொடுத்துக் கேட்கும். அமைதியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுத்து அனுப்பும்.

படத்துக்கு இது போதும். பிந்தி வந்தாலும் படம் படம்தான். குரல் பெரும்பாலும் 20 மில்லிசெக்கன் துண்டுகளாகப் போகிறது. கனக்கப் பிந்தின துண்டைப் போன் எறிந்துவிடும்.

1989இல் டேவிட் குட்மனும் கூட்டாளிகளும் குரலுக்கென்று ஒரு முறையை எழுதினார்கள். பேசத் தொடங்குகிறவர் ஒரு நேரத்துண்டுக்குப் போட்டியிடுவார். கிடைத்தால், பேசி ஓயும்வரை ஒவ்வொரு சுற்றிலும் அது அவருக்கே. மௌனமானால் இடம் அடுத்தவருக்கு. அங்கே இழப்பு வருவது பேச்சின் தொடக்கத்தில், முடிவில் இல்லை. அதை வாசிக்கேக்க, அந்த 'இல்லை' தப்பியிருக்குமே எண்டு நினைச்சன்.

வைஃபை வேறு வழியில் போனது. 2005இல் வந்த 802.11ஈ திருத்தம் குரலுக்குக் காத்திருப்பைக் குறைத்தது. ஆனால் குரல் என்று அடையாளமிட்டு வருவதற்கு மட்டும்தான் அந்தச் சலுகை. அதுவும் முன்னுரிமைதான், உறுதியான இடமில்லை.

இப்ப ஞாயிறு பின்னேரம் நானும் தம்பியும் வைஃபையை நிப்பாட்டிப்போட்டு அம்மம்மாவுக்குப் பக்கத்தில இருக்கிறம். முக்கியமான விசயமெண்டால் அவ "திரும்பச் சொல்லு மேனை" எண்டுறா. மாமாவும் 'இல்லை'யை இரண்டு தரம் சொல்லுறார்.