தெறி பூட்ட முடியாத காலைகள்

மகள் அப்போது மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பள்ளிக்கூடச் சட்டையின் முதுகுப் பக்கத்தில் நான்கு தெறிகள். 2007 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, அந்த நான்கையும் பூட்ட என்னால் முடியவில்லை. விரல்கள் விறகுக் கட்டைபோல விறைத்து, மோதிரம் கழற்ற முடியாதபடி வீங்கியிருந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து பூட்டிவிட, மகள் அழுதழுது போனாள். பத்து மணியானதும் கை மெல்ல இளகியது. தையல் மெசினில் உட்கார்ந்து அன்றைக்குக் கொடுக்கவேண்டிய இரண்டு சட்டைகளையும் தைத்து முடித்துவிட்டேன்.

மாமியார் இதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். "விடியக்காலமை ஒண்டும் ஏலாது, பத்து மணிக்குப் பிறகு எல்லாம் ஏலும். இது என்ன வருத்தம் பிள்ளை?" என்று கேட்டார். அவர் குத்தலாகத்தான் கேட்டார். ஆனால் பின்னர் வைத்தியர் என்னிடம் முதலில் கேட்டதும் அதே கேள்விதான். காலையில் எழும்பியதும் எவ்வளவு நேரம் விறைப்பு இருக்கிறது? வேலை செய்யச் செய்யக் கூடுகிறதா, குறைகிறதா? வயதாகித் தேய்ந்த மூட்டு, நடந்து வேலை செய்த பிறகுதான் கூடுதலாக நோகும். என்னுடையது போன்ற வருத்தத்தில் ஓய்வெடுத்த பிறகே விறைப்பு. அதுவும் ஒரு மணித்தியாலத்துக்கு மேலே நிற்கும். வீட்டில் இருப்பவர்களுக்கு இது சோம்பலாகத் தெரிவதில் வியப்பில்லை.

எனக்குக்கூட முதலில் சந்தேகம் வரவில்லை. காரணம், அந்த நேரம் ஊரெல்லாம் சிக்குன்குனியா. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டிருந்தது. சாமான்கள் கப்பலில் வந்தால்தான் உண்டு. அந்த ஆண்டின் கடைசியில் நுளம்பு இந்தக் காய்ச்சலையும் கொண்டுவந்து சேர்த்தது. எங்கள் ஒழுங்கையில் கூனிக்கொண்டு நடக்காத ஆளில்லை. நானும் அப்படியென்றே இருந்தேன். மற்றவர்கள் ஒரு மாதம், இரண்டு மாதம், சிலர் இன்னும் கொஞ்சம் இழுத்து நிமிர்ந்துவிட்டார்கள். எனக்கு ஐந்தாவது மாதமும் குறையவில்லை. இரண்டு கையிலும் ஒரே இடங்களில் வீக்கம்: விரல் தொடங்குகிற மொழிகளிலும் நடு மொழிகளிலும். நுனி மொழிகளில் ஒன்றுமில்லை. பாதத்தின் முன்பக்கம் கூழாங்கல்லில் மிதிப்பது போல. சாப்பாடு மனமில்லை, உடம்பு மெலிந்தது, பகலிலும் அடித்துப்போட்டது போன்ற களைப்பு.

இந்த ஐந்து மாதத்தில் நான் பூசாத எண்ணெய் இல்லை. பரியாரியார் தந்த எண்ணெய் சூடாகப் பூசினால் இதமாக இருந்தது. அதைக் குறை சொல்லமாட்டேன். நான் மாட்டிக்கொண்டது ஒரு தூளில். மூட்டு வாதத்துக்குக் கைகண்ட மருந்து என்று ஒருவர் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார். பெயரும் இல்லை, சேர்மானமும் இல்லை. மூன்றாம் நாளே எழும்பி ஓடித் திரிந்தேன். கிணற்றில் தண்ணீர் அள்ளினேன், தேங்காய் திருவினேன். ஆறு கிழமையில் முகம் பூசணிக்காய் போல ஊதிவிட்டது. சீனி வருத்தம் இல்லாதிருந்த எனக்கு இரத்தத்தில் சீனியும் ஏறியிருந்தது. அந்தத் தூளில் ஸ்ரெரொயிட் கலந்திருக்கும் என்றார் வைத்தியர். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று, அளவு தெரிந்த பிறெட்னிசொலோன் குளிசையாக மாற்றி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

ஸ்ரெரொயிட் கெட்ட மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. 1948 செப்டெம்பரில் அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்ற வைத்தியர், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த 29 வயதுப் பெண்ணொருத்திக்குக் கோட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். 1950 இல் அவருக்கும் இந்த ஆராய்ச்சியில் ஈடுபட்ட வேறு சிலருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கர்ப்பமாக இருக்கும்போது பல பெண்களுக்கு இந்த வருத்தம் தணிவதைக் கவனித்ததுதான் ஹென்ச்சுக்குக் கிடைத்த தடயங்களில் ஒன்று. ஆனால் அதிக நாள் கொடுத்தால் முகம் ஊதும், எலும்பு மெலியும், சீனியும் பிரஷரும் ஏறும் என்பதையும் அவர்கள் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். மருந்து ஒன்றுதான். அளவை யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அந்த இளம் வைத்தியர் என் கையைக் குலுக்குவது போலப் பிடித்து, விரல் மொழிகளைப் பக்கவாட்டில் மெல்ல அமத்தினார். நான் கத்திவிட்டேன். பிறகுதான் இரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். "உங்களுக்கு முடக்குவாதம். றூமற்றோயிட் ஆத்திரைற்றிஸ் எண்டு சொல்லுவம். இது தேய்மானமில்லை, தன்னிர்ப்பீடன நோய்," என்றார். நிர்ப்பீடனம் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த சொல். வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்கிற சக்தி. அது ஆள் மாறி, மூட்டின் உட்புறச் சவ்வைத் தாக்கத் தொடங்கிவிட்டதாம். சவ்வு தடித்து வீங்கி, பக்கத்திலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்குமாம். "காவலுக்கு நிண்டவன் வீட்டுக்காரனையே சுடுற மாதிரி," என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வாசல் பக்கம் பார்த்தார். 2007 இல் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அவர் ஏன் பார்த்தார் என்று விளங்கும். எனக்கு அந்த நோவுக்குள்ளும் சிரிப்பு வந்தது.

மூட்டுநோய் நிபுணரைக் காணக் கொழும்புக்குப் போவதென்றால் கப்பல், அனுமதி, தங்க இடம். அதனால் இங்கேயே வைத்தியம் தொடங்கினார்கள். கடதாசி உறைகளில் மூன்று மருந்து. முதலாவது மெதோட்றெக்சேற், 2.5 மில்லிகிராம் குளிசைகள் நான்கு, கிழமையில் ஒரே ஒரு நாள். இரண்டாவது போலிக் அசிட், வேறொரு நாளில். எனக்குக் கிடைத்த இரண்டும் மஞ்சள் நிறச் சின்னக் குளிசைகள். இதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன்: மெதோட்றெக்சேற்றைத் தவறுதலாகத் தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகி, இரத்தக் கலங்கள் குறைந்து, ஆளே போகக்கூடும். நான் வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டேன். கோயிலுக்குப் போகிற நாள், மறக்காது. வேலைக்கு வெள்ளியன்றே கையெழுத்தும் திகதியும் வைப்பது போல, கலண்டரில் ஒரு புள்ளி போடுவேன். முதலில் அடிக்கடி, பின்னர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, இரத்தக் கலங்களும் ஈரலும் சரியாக இருக்கின்றனவா என்று சோதிப்பார்கள். காய்ச்சல் வந்தாலோ, வாயில் புண் வந்தாலோ, வறட்டு இருமலுடன் மூச்சு முட்டினாலோ உடனே காட்டவேண்டும். இந்தக் குளிசை எடுக்கும் காலத்தில் பிள்ளை தங்கக்கூடாது. பிள்ளைக்கு ஆசைப்பட்டால் மூன்று மாதம் முன்னரே வைத்தியரிடம் சொல்லி மாற்றவேண்டும்.

மூன்றாவது குளிசையை வாயில் வைத்ததும் எனக்கு ஒரு பழைய கசப்பு வந்தது. 1996 இல் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனபோது, தறப்பாளுக்குக் கீழே மலேரியாவில் நடுங்கிக் கிடந்து விழுங்கிய அதே கசப்பு. ஹைட்றொக்சி குளோரோகுயின் என்றார்கள்; மலேரியாக் குளிசையின் தங்கச்சி. மலேரியாவுக்குக் கொடுத்த மருந்து மூட்டுக்கும் தோலுக்கும் எப்படி உதவுகிறது என்றால், குழம்பிப்போன நிர்ப்பீடனத்தை அது கொஞ்சம் அமர்த்துகிறதாம். கண்ணின் விழித்திரையை மட்டும் கவனிக்கவேண்டும். தொடங்கும்போது ஒரு கண் சோதனை, ஐந்து ஆண்டு கழிந்தால் ஆண்டுதோறும். இலங்கையில் மலேரியா இல்லை என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. குளிசை என் மேசையில் இன்னும் இருக்கிறது.

இந்த மருந்துகள் பனடோல் போல அன்றைக்கே கேட்காது. ஆறு, எட்டு, சிலருக்குப் பன்னிரண்டு கிழமை. எனக்கு மூன்றாவது மாதம் ஒரு காலை மகளின் நான்கு தெறிகளும் பூட்டுப்பட்டன.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. 2008 தொடக்கத்தில் வீட்டுக்கு வந்த ஒருவர் உறையிலிருந்த பெயரை வாசித்துவிட்டு, "ஐயோ, இது கான்சருக்குக் குடுக்கிற மருந்தெல்லோ!" என்றார். அது பொய்யில்லை. கான்சருக்கு மிகப் பெரிய அளவில் கொடுப்பார்கள். மூட்டுக்குக் கொடுப்பது சிறிய அளவு. அதை யாரிடம் கேட்டுத் தெளிவது? கை சுகமாகத்தானே இருக்கிறது என்று நானாகவே நிறுத்திவிட்டேன். கிளினிக் கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். எட்டு மாதம். நோவு திரும்பி வந்தபோதும் போக வெட்கம், வைத்தியர் ஏசுவார் என்ற பயம். கடைசியில் போனபோது அவர் ஏசவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது மணிக்கட்டு எலும்புகள் கறையான் அரித்த மரம்போல இருந்தன. இன்று அவை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. நோவில்லை. ஆனால் அந்தக் கை மடங்காது. மருந்து வீக்கத்தை நிறுத்தும். அரித்துப்போன எலும்பைத் திருப்பித் தராது. முதல் மாதங்களில் தொடங்குவது ஏன் முக்கியமென்று இந்த இடது கையைக் கேட்டால் சொல்லும்.

வலக் கையால் பிழைக்கிறேன். கத்தரிக்கோலின் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கியிருக்கிறேன். போத்தல் மூடியை விரலால் திருகாமல் உள்ளங்கையை வைத்துத் திருப்புவேன். விடிய எழும்பியதும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையை வைத்து மெல்ல விரித்து மடக்குவேன். 2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளியில் காசுக்கு வாங்கினேன். அந்த மாதங்களில் தைத்த காசில் பாதி அதற்கே போனது.

பெண்கள் கூடுகிற இடங்களில் என்னிடம் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். "யோசிச்சு யோசிச்சுத்தான் வந்ததோ அக்கா?" கணவரை, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கேட்கும்போது என்ன சொல்வது? சுவீடனில் மன அதிர்ச்சி சார்ந்த நோய்களுக்கு உள்ளான ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2018 இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. மற்றவர்களைவிட அவர்களுக்குத் தன்னிர்ப்பீடன நோய்கள் சற்றுக் கூடுதலாக வந்திருந்தன. அமெரிக்கத் தாதியர்களிடம் நடந்த ஆய்வும் அப்படித்தான் காட்டியது. ஆகவே தொடர்பு இருக்கலாம். ஆனால் எங்களைப் போலத் துன்பப்பட்ட பெரும்பாலானோருக்கு இது வரவில்லை. ஒரு துன்பமும் படாதவர்களுக்கும் வருகிறது. பரம்பரை, புகைத்தல், பெண்ணாயிருப்பது என்று பல சேர்கின்றன. முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு. "நீ அழுதபடியால்தான் வந்தது" என்று ஒரு பெண்ணிடம் சொல்வது எனக்குப் பிடிக்காது. அழாமல் இருந்திருக்க எங்களுக்கு வழியிருந்ததா?

இதை இப்போது எழுதக் காரணம் அண்ணனின் மகள். 21 வயது. போன வருடம் மூட்டு நோவு தொடங்கியது. பிறகு வெயிலில் போய்வந்தால் இரு கன்னத்திலும் மூக்கின் மேலும் சிவப்பாகப் படரும். சீப்பு நிறையத் தலைமயிர். வாயின் மேலண்ணத்தில் நோகாத புண். "முகத்துக்கு ஏதோ கிறீம் பூசி ஒவ்வாமை வந்திட்டுது," என்று மச்சாள் மறைத்துக்கொண்டேயிருந்தார். ஒரு நாள் பிள்ளை என் காதுக்குள், "மாமி, சலம் நுரை நுரையாப் போகுது," என்றாள். கணுக்காலை அமத்திப் பார்த்தேன், விரல் பதிந்த குழி நின்றது. அடுத்த நாளே கூட்டிக்கொண்டு போனேன். லூபஸ். இதுவும் தன்னிர்ப்பீடன நோய்தான். பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். பிள்ளை பெறுகிற வயதில்தான் கூடுதலாக வரும். மூட்டோடு நிற்காமல் சிறுநீரகம், நுரையீரல், மூளை வரை போகக்கூடும். அவளுக்குச் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தது. இன்னும் மூன்று மாதம் போயிருந்தால் என்று வைத்தியர் தொடங்கிய வசனத்தை முடிக்கவில்லை.

இப்போது சலம் தெளிந்துவருகிறது. சிக்கல் வேறு இடத்தில். கலியாணம் பேசி வந்திருக்கிறார்கள். "வாயைத் திறக்காதையுங்கோ மச்சாள், கட்டிக் குடுத்த பிறகு பாப்பம்," என்றார் அவர். அவருடைய பயம் எனக்கு விளங்காமலில்லை. இரண்டு குமர்ப்பிள்ளைகளோடு முகாமில் ஒன்றரை வருடம் இருந்தவர். ஆனால் ஒளித்துக் கட்டிக்கொடுத்தால் புகுந்த வீட்டில் அவள் குளிசையை எங்கே வைப்பாள்? நான் அலுமாரியில் பூட்டியது போல அவளும் பூட்டினால், போவது மணிக்கட்டு இல்லை, சிறுநீரகம். பிள்ளை பெறவும் முடியும். வருத்தம் ஆறு மாதமாவது அடங்கியிருந்து, வைத்தியரிடம் சொல்லிவைத்து, பொருந்தாத குளிசைகளை மாற்றி, ஹைட்றொக்சி குளோரோகுயினை விடாமல் தொடர்ந்து, கிளினிக்கின் கண்காணிப்பிலேயே பெறவேண்டும். திட்டமில்லாமல் தங்கினால்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. ஒளித்துவைத்த வருத்தத்தோடு எப்படித் திட்டமிடுவது?

இதையெல்லாம் மச்சாளிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, அடுப்படிக்குள் போய்விட்டார். இரண்டு நாள் கதையில்லை. நேற்றுப் பின்னேரம் பிள்ளை குடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வெயில் படக்கூடாது என்பதைக் கவனமாக வைத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு விடிய ஆறு மணி பஸ்ஸுக்கு நிற்கச் சொன்னாள்.

"அம்மாவும் வாறாவாம் மாமி. டொக்டரிட்டைத் தான் நேரிலை கேக்கவேணுமாம்."