ஆறு பாட்டிலும் ஒரு குழியும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். இது குடியை ஆதரிச்சோ எதிர்த்தோ எழுதினது இல்லை. பீர் பாட்டில் சேர்க்கிற கிறுக்கு ஒருத்தனுக்கு எப்படிப் பிடிச்சது, அது எங்கே போய் நின்னதுங்கிற கதை, அவ்வளவுதான். எனக்கு ஊர் கள்ளக்குறிச்சி. ஊர்ப் பேரையும் சரக்கையும் ஒரே வரியில சொன்னா எல்லாருக்கும் 2024 ஜூன்தான் ஞாபகம் வரும். எனக்கும்தான். அதனால கடைசியில அங்கேயும் போக வேண்டியிருக்கு, பொறுத்துக்கோங்க.

2021ல கம்பெனி என்னை பெல்ஜியத்துக்கு ஆன்சைட் அனுப்பிச்சுது. லூவன்னு ஒரு ஊர். பழைய பல்கலைக்கழகம், மழை, சைக்கிள், அப்புறம் ஸ்டெல்லா ஆர்ட்வா பீர் தயாராகிற ஊர். நான் இருந்த அபார்ட்மெண்ட்ல ஒவ்வொரு வீட்டுக்கும் தரைக்குக் கீழே ஒரு சின்ன அறை உண்டு. கெல்டர்னு சொல்வாங்க. நம்ம ஊர் பரண் மாதிரி, ஆனா தலைகீழா. எல்லாரும் சைக்கிளும் உடைஞ்ச நாற்காலியும் போட்டு வெச்சிருப்பாங்க. பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் பீர் பாட்டிலா அடுக்கி வெச்சிருந்தார். சிலதுல பதினஞ்சு வருஷத் தூசி.

பீர்னா வாங்கின அன்னிக்கே சில்லுனு குடிச்சுட்டு பாட்டிலைக் கடையில திருப்பிக் கொடுக்கிற விஷயம்னு நினைச்சிட்டிருந்தவன் நான். மனுஷன் பாடம் எடுத்தார். எல்லா பீரையும் சேர்த்து வைக்கக் கூடாது. லைட்டான பீர் ஒரு வருஷத்துல நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி ஆயிடும். ஹாப்ஸ் வாசனைக்காகவே குடிக்கிற ஐபிஏ வகைகளில் அந்த வாசனைதான் முதல்ல போகும். வைக்க வேண்டியது ஆல்கஹால் ஜாஸ்தியா இருக்கிறதும், பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் உயிரோட இருக்கிறதும்தான். சிமே புளூ 9 சதவீதம், லேபிள்லயே வருஷம் போட்டிருக்கும். ரோஷ்போர் 10ன்னு ஒண்ணு, அது 11.3. இதெல்லாம் நாளாக ஆகக் காரம் அடங்கி, உலர்ந்த திராட்சை, பேரீச்சம்பழம் வாசனைக்கு வரும். ஓர்வால் 6.2 தான், ஆனா அதுல பிரெட்டனோமைசிஸ்னு ஒரு காட்டு ஈஸ்ட் சேர்க்கிறாங்க. அது பாட்டிலுக்குள்ள மெதுவா வேலை பார்த்துக்கிட்டே இருக்கும். ஆறு மாசத்துல ஒரு ருசி, ரெண்டு வருஷத்துல வேற ருசி. வெஸ்ட்ப்ளெட்டரன்னு ஒரு மடத்துத் துறவிகள் காய்ச்சுற பீருக்குப் பல வருஷம் பாட்டில்ல லேபிளே கிடையாது. எல்லா விவரமும் மூடியிலேயே பொடி எழுத்துல இருக்கும். மஞ்சள் மூடின்னா 12ஆம் நம்பர்.

மத்தபடி விதி சிம்பிள். வெளிச்சம் படக்கூடாது. பட்டா ஹாப்ஸ்ல இருக்கிற ஒரு பொருள் உடைஞ்சு மரநாய் வாடை வரும். பழுப்பு பாட்டிலே அதுக்காகத்தான். நிக்க வைக்கணும், மண்டி அடியில தங்கும். பத்துல இருந்து பதிமூணு டிகிரி, அதுவும் ஏறி இறங்காம. எதை வாங்கினாலும் மூணா வாங்கு: ஒண்ணு இப்போ, ஒண்ணு அடுத்த வருஷம், ஒண்ணு மறந்து போன பிறகு.

சாஃப்ட்வேர்காரன் கையில இப்படி ஒண்ணு கிடைச்சா என்ன பண்ணுவான்? எக்செல் ஷீட் போட்டேன். பேர், பாட்டில் அடைச்ச தேதி, வாங்கின தேதி, விலை, எந்தத் தட்டு, எப்போ திறக்கணும். தாண்டினா சிவப்பாகும். முதல் குளிர்காலத்துல கெல்டர்ல ஒரு குழாய் பக்கத்துல பன்னிரண்டு பாட்டில் அடுக்கினேன். அது ஹீட்டிங் குழாய். மார்ச்ல திறந்து பார்த்தா சோயா சாஸ். ஷீட்ல 'வெப்பநிலை'ன்னு ஒரு காலம் சேர்ந்தது அப்புறம்தான் :-)

2023 ஏப்ரல்ல திரும்பி வந்தேன். வேலை சென்னையில, வாரக்கடைசி கள்ளக்குறிச்சி. இந்தியாவுக்குள்ள வரும்போது ஒருத்தர் வரி கட்டாம ரெண்டு லிட்டர் கொண்டு வரலாம். 330 மில்லி பாட்டில் ஆறு, மொத்தம் 1.98 லிட்டர். இந்தக் கணக்கு எவ்வளவு அழகா பொருந்துது பாருங்க! துணியில சுத்தி ஆறு பாட்டில் கொண்டு வந்தேன். அப்புறம் ஆன்சைட் போய் வர்ற நண்பர்கள் தலைக்கு ரெண்டு மூணுன்னு கொண்டு வந்து தந்தாங்க.

எங்கே வைக்கிறது? அங்கதான் என் இன்ஜினியர் மூளை வேலை பார்த்துச்சு. மாடிப்படிக்குக் கீழே நாலடி ஆழத்துக்குக் குழி, செங்கல் கட்டு, சிமெண்ட் பூச்சு, மேல மரப்பலகை மூடி. பூமிக்குள்ள குளுகுளுன்னு இருக்கும்ல! அம்மாகிட்ட 'ஊறுகா ஜாடி வைக்கலாம்'னு சொன்னேன். அப்பா சர்க்கரை ஆலையில இருந்து ரிடையர் ஆனவர், ஒண்ணும் சொல்லாம கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

குழி எடுக்க வந்தவர் எங்க வீட்டைக் கட்டின கொத்தனார் அண்ணன். நான் டவுசர் போட்ட காலத்துல இருந்து தெரியும்.

"இன்னாத்துக்கு தம்பி குழி? ஊறல் போடப் போறீங்களா?"

சிரிச்சுக்கிட்டே கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சித்தாளைக் கூப்பிட்டு அவங்களுக்கும் சொல்லி இன்னொரு தடவை சிரிச்சார். ரெண்டு நாள் வேலைக்கு நடுவுல, டீ நேரத்துல, அவர் எனக்கு எடுத்தது ரெண்டாவது பாடம்.

கல்வராயன் மலையில ஊறல்னா என்னன்னு ஊர்க்காரங்க எல்லாருக்கும் தெரியும். மாசத்துக்கு ஒரு தடவையாவது பேப்பர்ல வரும், இத்தனை லிட்டர் ஊறல் அழிப்புன்னு. ஆனா எப்படின்னு அவர் சொல்லித்தான் கேட்டேன். வெல்லம், தண்ணி, கடுக்கா, வேலம்பட்டை. பேரல்ல போட்டு, ஓடை ஓரமாப் பார்த்து மண்ணுல புதைச்சு, மேல செத்தையைப் போட்டு மூடிடறது. ஓடை ஏன்னா, கரைக்கவும் தண்ணி வேணும், காய்ச்சும்போது ஆவியைக் குளிர வைக்கவும் தண்ணி வேணும். நாலஞ்சு நாள்ல நுரை கட்டி அடங்கிடும். அடங்கினா காய்ச்சுற பதம்.

"நீங்க வருஷக்கணக்கா வைக்கிறீங்க. அவன் நாலு நாள் வைக்கிறான். குழி ஒண்ணுதானே தம்பி!"

பதில் சொல்லத் தெரியல. ரெண்டுமே ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னுற கதைதான். அங்கே அதுக்கு மரியாதை. பெல்ஜியத்துப் பீர் கலாச்சாரத்தை யுனெஸ்கோ 2016ல பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு. இங்கே அதுக்குப் பேர் கேஸ். மலைச் சாராயத்தைப் புனிதமாக்கறேன்னு நினைக்காதீங்க. அதனால அழிஞ்ச குடும்பங்களை எங்க தெருவிலேயே பார்த்திருக்கேன்.

வேலை முடிஞ்ச அன்னிக்கு அவருக்கு ஒரு ஓர்வால் திறந்து கொடுத்தேன். ஒரு வாய் குடிச்சுட்டு என் மூஞ்சியைப் பார்த்தார். "கஷாயம் மாதிரி இருக்கு. இதுக்கா குழி?"ன்னு பாதியை என்கிட்டயே தந்துட்டார். 450 ரூபாய் பாட்டில்னு நான் சொல்லலை.

குழிக்குள்ள சென்சார் வெச்சேன். மே மாசம், வெளியே 40. உள்ளே 29. ராத்திரியும் 29. ஒரு வாரம் பார்த்தேன், அசையலை. அப்பத்தான் உறைச்சுது. மண்ணுக்கடியில இருக்கிறது குளிர் இல்லை, அந்த ஊரோட வருஷ சராசரி. லூவன்ல சராசரியே பத்துப் பதினொண்ணு, அதனால அங்கே தோண்டினா இலவசமா செல்லார். கள்ளக்குறிச்சியில தோண்டினா கள்ளக்குறிச்சிதான் இருக்கும். பீருக்கு எமனான அந்தச் சூடுதான் ஊறலுக்குச் சொர்க்கம். நாலு நாள்ல வேலை முடியறது சும்மாவா. பெரிய கல்வராயன் பக்கம் நாலாயிரம் அடி உயரத்துல தோண்டினா ஒரு ஏழு டிகிரி குறையும், ஆனா அங்கே குழி தோண்டிப் பாட்டில் புதைச்சா போலீஸுக்கு நான் தெர்மோடைனமிக்ஸ் விளக்க வேண்டியிருக்கும்.

கடைசியில செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜ் ஒண்ணு, வெளியில ஒரு தெர்மோஸ்டாட் கன்ட்ரோலர், 13 டிகிரி. குழி அம்மா கைக்குப் போச்சு. தெர்மோஸ்டாட்டை நம்பறதுலயும் பயம் உண்டு. பிரஸ்ஸல்ஸ் பக்கத்துல பெய்ர்செல்ங்கிற ஊர்ல ட்ரீ ஃபொன்டைனன்னு ஒரு லாம்பிக் பீர்க்காரங்க. 2009 மே மாசம் அவங்க கிடங்குல தெர்மோஸ்டாட் பழுதாகி, சூடு ஏறிக்கிட்டே போய் பாட்டில்கள் வெடிச்சுது. பல்லாயிரம் பாட்டில் பீர் பாழ். கடையை மூடுற நிலைமை. அப்புறம் என்ன பண்ணாங்க தெரியுமா? கெட்டுப்போன பீரைக் காய்ச்சி வடிச்சு சாராயமா வித்து, அந்தக் காசுலதான் கொஞ்சம் மூச்சு விட்டாங்க. இதைக் கொத்தனார் அண்ணன்கிட்ட போன்ல சொன்னப்போ, "பாத்தீங்களா, கடைசியில எல்லாரும் எங்க மலைக்குத்தான் வரணும்"னார்.

2024 ஜூன் 19 காலையில சென்னையில ஆபீஸ்ல இருந்தேன். அம்மா போன். டவுன்ல கருணாபுரத்துல வரிசையா சாவு விழுதுடா, ஆம்புலன்ஸ் நிக்கவே மாட்டேங்குதுன்னாங்க. அப்புறம் டிவியில நீங்களும் பார்த்தீங்க. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர்னு நாலு பக்கமும் ஆளுங்களைக் கொண்டு போனாங்க. அறுபது பேருக்கு மேல போயிட்டாங்க. அன்னிக்கு சாயந்திரம் அம்மா மறுபடி கூப்பிட்டு, கொத்தனாரையும் சேலத்துக்குக் கொண்டு போயிருக்காங்கன்னு சொன்னாங்க.

என் கூட வேலை பார்க்கிறவங்க கேட்டது ஒரே கேள்வி. "உங்க ஊர் மலையில காய்ச்சுறது தானே?"

இல்லைங்க. இதை எழுதறதே அதுக்காகத்தான். வெல்லத்தை ஊற வெச்சா ஈஸ்ட் உண்டாக்குறது எத்தனால். மெத்தனால் பழத் தோல், நார்ல இருக்கிற பெக்டின்ல இருந்து கொஞ்சமா வரும், வெல்லத்துல அது கிட்டத்தட்ட இல்லை. கருணாபுரத்துல ஆளைக் கொன்னது எந்த ஓடை ஓரத்துலயும் ஊறினது இல்லை. தொழிற்சாலையில கரைப்பானா பயன்படுற மெத்தனால், தண்ணி கலந்து பாக்கெட்ல போட்டது. அதை யாரும் காய்ச்சவே இல்லை. முந்தின வருஷம் 2023 மே மாசம் மரக்காணத்துலயும் செங்கல்பட்டுப் பக்கமும் இருபதுக்கு மேல செத்ததும் இதே மெத்தனால்தான்.

அது உடம்புக்குள்ள போனதும் உடனே ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் போதை, அவ்வளவுதான். கல்லீரல் அதை உடைச்சு ஃபார்மிக் அமிலமாக்கும், அது மணிக்கணக்குல நடக்கிற வேலை. அதான் ராத்திரி குடிச்சவங்க காலையில வயித்தைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாங்க. முதல்ல கண்ணு நரம்பைப் பிடிக்கும். ஆஸ்பத்திரியில கொடுக்கிற மாற்று மருந்து ஃபோமெபிசோல். அது இல்லாத இடத்துல டாக்டர்கள் அளந்து கொடுக்கிறது சாதாரண எத்தனால். ரெண்டையும் உடைக்கிறது ஒரே என்சைம், அதுக்கு எத்தனால்தான் ரொம்பப் பிடிக்கும், அதைப் பிடிச்சுக்கிட்டு மெத்தனாலை விட்டுடும். (இதைப் படிச்சுட்டு வீட்டுல யாரும் குவாட்டர் வாங்கிக் கொடுத்து வைத்தியம் பார்க்காதீங்க. டயாலிசிஸ் வரைக்கும் போற விஷயம், ஓட வேண்டியது ஆஸ்பத்திரிக்கு.)

அந்த வாரம் நான் ஷீட்டைத் திறந்து பார்த்தேன். பத்தொன்பது வரிசை. ஒவ்வொரு பாட்டிலுக்கும் எங்கே அடைச்சது, எந்த நாள், எத்தனை சதவீதம். மூடிட்டேன். ரொம்ப நாள் திறக்கலை.

கொத்தனார் அண்ணன் பிழைச்சு வந்துட்டார். பார்வை வரலை. வெளிச்சம் தெரியுது, ஆள் நிழலாத் தெரியுதாம். 2025 பொங்கலுக்கு மறுநாள் அவர் பையன் பைக்ல வெச்சுக் கூட்டிட்டு வந்தான். திண்ணையில உக்காந்தார். நானா எதுவும் கேட்கலை, அவரே ஆரம்பிச்சார்.

"மலைச் சரக்குன்னா ஒரு வாடை இருக்கும் தம்பி. கடுக்கா, பட்டை வாடை. இதுல ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கேன்னுதான் நெனச்சேன். பாதி பாக்கெட்டு. மீதியைப் பக்கத்துல இருந்தவருக்குக் கொடுத்துட்டேன்."

அந்தப் பக்கத்துல இருந்தவர் என்ன ஆனார்னு நான் கேட்கலை. அவரும் சொல்லலை.

டாஸ்மாக்ல குவாட்டர் 140 ரூபா, பாக்கெட் அதுல பாதி கூட இல்லைன்னார். சித்தாளுக்குக் கூலி பிரிச்சுக் கொடுத்துட்டு மிச்சத்துல கணக்குப் பார்க்கிற ஆளு. அதுக்கு மேல அந்தப் பேச்சு போகலை.

"ஆமா, அந்தக் கஷாயம் இருக்குதா இன்னும்?"

ஒரு பாட்டிலை எடுத்து வந்து கையில கொடுத்தேன். திறக்கலை, அவரும் கேட்கலை, குடியை விட்டாச்சு. பெருவிரலால லேபிளைத் தடவிக்கிட்டே, "இன்னா எழுதியிருக்குது, படிங்க"ன்னார். படிச்சேன். ஓர்வால், 6.2 சதவீதம், 330 மில்லி, பாட்டில்ல அடைச்ச தேதி, எந்தத் தேதி வரைக்கும் நல்லா இருக்கும். என்னென்ன போட்டிருக்குன்னு இருக்கான்னு கேட்டார். அதையும் படிச்சேன். தண்ணி, பார்லி மால்ட், சர்க்கரை, ஹாப்ஸ், ஈஸ்ட்.

"இம்மாம் எழுதுறானா."

பாட்டிலைத் திருப்பித் தந்துட்டு, குழி என்ன ஆச்சுன்னு கேட்டார். கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். காட்டினேன்னா, கையைப் பிடிச்சு விளிம்புல வெச்சேன். பலகையை நகர்த்திட்டு, குந்தி உக்காந்து, பூச்சு மேல உள்ளங்கையை மெதுவா இழுத்துக்கிட்டே போனார். வடக்கு ஓரத்துல நின்னுது கை.

"இங்க ஒரு நூல் ஏறியிருக்குது தம்பி. அன்னிக்கு ரசமட்டம் வெச்சுப் பாத்தேன், சரியாத்தான் காட்டுச்சு."

அம்மா முறத்தோட வந்து நின்னாங்க, சாம்பாருக்கு வெங்காயம் எடுக்கணும்னு. அவர் நகர்ந்து வழி விட்டார்.