ஆடு கம்பளியைத் தின்ற கதை

பத்து நாளாக டீச்சரைக் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு எனக்கு ஒரு வகுப்பு இருக்கிறது. ஒரே ஒரு மாணவி, வயது 67.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். இப்போது மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோ, பேரு மட்டும் போடாதே" என்றாள்.

தை மாதம் அவளைப் பார்க்கப் போனபோது வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு' நாவலைக் கொடுத்துவிட்டு வந்தேன். தமிழ் மொழிபெயர்ப்புதான், சின்னப் புத்தகம். நான் ஒரே மூச்சில் படித்து, தனியாகச் சிரித்து, பேரனிடம் "ஆச்சிக்கு என்ன ஆச்சு?" என்று கேள்வி வாங்கிய புத்தகம். நல்ல பலகாரத்தைத் தனியாகத் தின்ன முடியுமா?

மூன்று மாதம் கழித்து போனில் கேட்டேன். "படிச்சிட்டேன்டி, நல்லா இருந்துச்சு" என்றாள். "கம்பளி இடத்துல சிரிச்சியா?" என்றேன். "ஆமா, ஆமா" என்றாள். முப்பத்தைந்து வருஷம் வீட்டுப்பாடம் திருத்தியவளுக்கு அந்த 'ஆமா ஆமா' தெரியாதா? உங்களில் பாதிப் பேர் என்னிடம் சொன்னதுதானே!

கோபமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் நேரில் போனேன். நான் கொடுத்த பையிலேயே புத்தகம் இருந்தது. "ஏன்டி பொய் சொன்னே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுத்து தெரியலடி" என்றாள். சர்க்கரை விழித்திரையைப் பாதித்திருக்கிறது. ஊசி போடுகிறார்கள். பேப்பர் படிப்பதுபோல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம், மகனுக்குக்கூட முழுசாகத் தெரியாது. விடுதியில் வாரப் பத்திரிகை வந்ததும் எங்கள் எட்டுப் பேருக்கும் தொடர்கதையை உரக்கப் படித்துக் காட்டியவள் அவள். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. (சர்க்கரை உள்ளவர்கள் வருஷம் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மாற்றுவது வேறு, இது வேறு.)

அன்றிரவே அவள் மகனிடம் நான் சொல்லிவிட்டேன். அதற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டு, "அந்த ஆடு என்னதான்டி பண்ணுச்சு?" என்றாள். அப்படித் தொடங்கியது நாலு மணி வகுப்பு. நான் படிக்க, அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாள்.

பஷீர் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, நிம்மதியாக எழுதலாம் என்று தலையோலப்பறம்பு வீட்டுக்கு வருகிறார். அங்கே உம்மா, தம்பிமார், தங்கைமார், குழந்தைகள், கோழி, பூனை, போதாததற்குத் தங்கை பாத்தும்மாவின் ஆடு. கையில் இருக்கும் காசை ஆளுக்கொரு பக்கம் கறக்கிறார்கள். ஆடு அவர் எழுதிய 'பால்யகால சகி'யையே தின்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார். கம்பளியில் வாய் வைத்ததும்தான் பதறுகிறார், புத்தகத்துக்காவது வேறு பிரதி உண்டு, கம்பளிக்கு ஏது என்று! அந்த இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் மருமகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். அன்றிலிருந்து மருமகளும் பேத்தியும் வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள்.

வீட்டுப் பெண்கள் ஆட்டுப்பாலைத் திருடும் இடத்தை நான் வெறும் வேடிக்கையாகத்தான் படித்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. "கேட்டு வாங்க முடியாத வீட்ல வேற என்னடி பண்ணுவாங்க?" என்றாள். அடுத்த பக்கத்தை உடனே படிக்க எனக்கு மனம் வரவில்லை.

மனநலச் சிகிச்சையில் இருந்தபோது, 1954-ல், பஷீர் இதை எழுதினார். புத்தகமாக வந்தது 1959-ல். முன்னுரையில் அவரே சொல்லியிருக்கிறார். அதை வேண்டுமென்றே கடைசியில்தான் படித்துக் காட்டினேன். "அந்த நிலைமையிலயா இப்படிச் சிரிக்க வச்சாரு?" என்று கேட்டுவிட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கச் சொன்னாள்.

பேத்தி ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு 'எங்கள் உப்பப்பாவுக்கு ஒரு ஆனை இருந்தது' வேண்டுமாம். ஆடு முடிந்தால் ஆனைதானே வரவேண்டும் என்கிறாள். என்னிடம் இருந்த பிரதியை யாரோ வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. இதைப் படிப்பவர்களில் அந்த மாணவர் இருந்தால், திட்டமாட்டேன், தபாலில் அனுப்பிவிடுங்கள். மணி மூன்று ஐம்பது. போனைச் சார்ஜ் போட வேண்டும்.