பாறையில் எழுதிய கணக்கு

நான் பி.காம். படிக்கிறவன். டேலி போதுமென்று இருந்தவனை சி மொழி எப்படியோ பிடித்துக்கொண்டது. "உனக்கெதுக்குடா இது?" என்று கேட்கும் நண்பர்களுக்காக இந்தக் கதை.

போன வருடம் கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் புளியஞ்சோலைக்குப் போனோம். மலைமேல் ஆகாய கங்கையாகக் கொட்டும் அய்யாறு இங்கே பாறைகளுக்கு நடுவே சமர்த்தாக ஓடும். கணக்குப்பிள்ளை வழக்கம்போல அடியேன்தான். 500 ரூபாய் கொடுத்து ஒருவனைச் சமையல் சாமான் வாங்க அனுப்பினேன். வந்தவன் 20 ரூபாயை நீட்டி, "செலவை அந்தப் பாறையில கரியால எழுதியிருக்கேன், பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் குதித்துவிட்டான்.

நான் சாவகாசமாகப் போய்ப் பார்த்தேன். பாறை அதேதான். ஆனால் அதற்குள் யாரோ அதன்மேல் ஈரத்துணி காயப்போட்டு எடுத்திருந்தார்கள். 480 அழிந்து 180 மாதிரி தெரிந்தது. "மிச்சம் 300 எங்கே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். ஊர் வரும்வரை அவன் பேசவில்லை.

சில மாதம் கழித்து, அப்பாவின் மளிகைக்கடைக் கணக்கைக் கூட்ட ஒரு புரோகிராம் எழுதினேன். மாதத்துக்கு ஒரு த்ரெட்; ஒன்று முடிந்ததும் அடுத்தது. கூட்டுத்தொகையை ஃபங்ஷனுக்குள்ளேயே ஒரு வேரியபிளில் வைத்து, அதன் முகவரியை மட்டும் திருப்பி அனுப்பினேன். ஒரு மாதத்துக்கு ஓட்டினால் சரியான விடை! பன்னிரண்டு மாதத்துக்கும் ஓட்டினால், ஏப்ரல் முதல் எல்லா மாதமும் மார்ச் மாதத் தொகையையே காட்டின.

இரண்டு ராத்திரி தூக்கம் போனபிறகுதான் புரிந்தது. த்ரெட் முடிந்ததும் அதன் ஸ்டாக் இடம் அதற்குச் சொந்தமில்லை. அடுத்து வந்த த்ரெட் அதே இடத்தில் எழுதிவிட்டுப் போகிறது. முகவரி சரி, சரக்கு இல்லை. முதல் தடவை சரியாக வந்ததுதான் பெரிய ஏமாற்று.

மருந்து சுலபம். மால்லாக் போட்டுத் தனி இடம் வாங்கி, தொகையை அதில் எழுதி, அந்த முகவரியை அனுப்ப வேண்டும். மெயின் பக்கம் பிதிரெட்_ஜாயின் த்ரெட் முடியும்வரை காத்திருந்து அதை வாங்கித் தரும். படித்து முடித்ததும் ஃப்ரீ செய்வது நம் பொறுப்பு. அதாவது, பாறையில் எழுதாமல் சீட்டில் எழுதிக் கையில் கொடுப்பது. படித்தவன் கிழித்துப் போடுவது.

அன்று ராத்திரியே அவனுக்கு ஃபோன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நானும் சீட்டுல எழுதித் தந்திருக்கணும்டா" என்றான்.