ஐப்பசி மழைக்குச் சில மலையகப் புத்தகங்கள்

ஹட்டன்,
ஐப்பசி மாதம்.



இலங்கையில் புதுப் புத்தகங்களின் பருவம் செப்டம்பரில் தொடங்குகிறது. அந்த மாதம் கொழும்பில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி. அடுத்து வரும் ஒக்டோபர், நாடு முழுவதும் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளும் பொது நூலகங்களும் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, சிறு கண்காட்சி என்று அதைக் கொண்டாடுகின்றன. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அந்த நாட்களின் பெரிய பேச்சு தீபாவளி முற்பணம். தென்மேல் பருவமழை ஓய்ந்து வடகீழ் பருவமழை பிடிக்கும் வரையுள்ள இடைக்காலம் இந்த ஒக்டோபர். காலையில் நல்ல வெயில் அடிக்கும், பின்னேரம் இடியோடு மழை வரும், இருட்டுவதற்குள் பனிமூட்டம் ரோட்டை மறைத்துவிடும். குளிர்நாடுகளில் இலையுதிர்காலத்துக்கென்று வாசிப்புப் பட்டியல் போடுவார்கள். மலையகத்தில் அதற்கு ஈடான காலம் இந்த ஐப்பசியும் கார்த்திகையும்தான்.

ஆனால் மலையகப் புத்தகங்களில் எது புதிது என்று தீர்மானிக்கப் பதிப்பாண்டை மட்டும் பார்த்தால் போதாது. இந்த மண்ணின் எழுத்தில் பெரும்பகுதியை முதலில் அச்சேற்றியவை பதிப்பகங்கள் அல்ல, கொழும்புப் பத்திரிகைகள். 1960களில் வீரகேசரியில் எஸ்.எம். கார்மேகம் கவனித்துவந்த தோட்ட மஞ்சரிப் பக்கமும், அந்தப் பத்திரிகை நடத்திய மலையகச் சிறுகதைப் போட்டிகளும் ஒரு தலைமுறையையே எழுத வைத்தன. பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுப்பாக வந்தன. எழுதியவர்களில் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் உண்டு, கணக்கெழுதுவோர் உண்டு, மலையில் வேலை செய்தவர்களும் உண்டு. சொந்தச் செலவில் புத்தகம் போடும் வசதி அவர்களில் பலருக்கு இல்லை. போட்டாலும் கொஞ்சப் பிரதிகள்தான். அவை கைக்குக் கை விற்று முடிந்தால் மறுபதிப்புக்கு ஆளில்லை. ஐம்பது வருடத்துக்கு முந்திய நாவல் மறுபடி அச்சாகி வந்தால், இங்குள்ள இளம் வாசகருக்கு அது புதுப் புத்தகமேதான். மலையகத்தில் நாவலை விடச் சிறுகதை ஓங்கி நிற்பதற்கும் பத்திரிகைகளை நம்பிய இந்த நிலையே முதற் காரணம் எனலாம். பத்திரிகைப் பக்கத்தில் அடங்குகிற வடிவம் அது. காலைப் பெரட்டுக்குப் போய் வேலை முடிந்து திரும்பிய பிறகு மிஞ்சும் இரவு நேரத்திலும் அதை எழுதி முடிக்க முடிந்தது.

ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்பவர் என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' தொகுப்பை வாங்கலாம். தலைப்புக் கதை 1960களின் தொடக்கத்தில் தினகரனில் வந்தது. தொகுப்பு 1980இல்தான் வந்தது. ஓர் எழுத்தாளரின் பெயர் நிலைத்துவிட்ட பிறகு அவர் புத்தகம் வருவதற்கு ஏறத்தாழ இருபது வருடம் பிடித்திருக்கிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தை அறியாதவருக்கு அந்தக் கதையின் கூர்மை பாதிதான் எட்டும். இடுப்பில் படங்கு, தலைக்கு மேலே கொங்காணி, முதுகில் கூடையுடன் பெண்கள் நிரை பிடித்து இறங்குவார்கள். நாளுக்குச் சில தடவை மலையிலேயே தராசு தொங்கும். இலை நனைந்திருந்தால் தண்ணீருக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள், முற்றிலை கலந்திருந்தால் அதற்கும் கழிப்பார்கள். தோட்டம் வைத்த அளவு வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிநாள் சம்பளம். எடுத்தவளின் உழைப்பு வேறு, கணக்குப் புத்தகத்தில் ஏறும் எண் வேறு. ராமையா கை வைப்பது இந்த இடைவெளியில். ஒரு பெண் எடுத்த கொழுந்தின் நிறை மீது சந்தேகம் எழுகிறது, அந்தச் சந்தேகம் அவள் மானத்தின் மீதே வந்து நிற்கிறது. கோஷம் போடுவதற்கு வேண்டிய இடம் கதையில் இருக்கிறது. ராமையா போடவில்லை. அதே காலத்தில் எழுதப்பட்ட பல கதைகள் இன்று துண்டுப் பிரசுரம் போல ஒலிக்கும்போது இந்தக் கதை நின்று பிடிப்பதற்குக் காரணம் அந்த அடக்கம்.

அந்தத் தொகுப்பை வெளியிட்டது மு. நித்தியானந்தன் நடத்திய வைகறை பதிப்பகம். வைகறையின் ஆயுள் நீண்டதல்ல. ஆனாலும் தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே', ராமையாவின் இந்தத் தொகுப்பு, சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' நாவல் ஆகிய மூன்றையும் அது அடுத்தடுத்துக் கொண்டுவந்தது. மூன்றையும் சேர்த்து வாசிப்பவருக்கு மலையக உரைநடையின் நடுத்தண்டு கைக்குள் வந்துவிடும். பிற்காலத்தில் துரை விஸ்வநாதனின் துரைவி பதிப்பகம் இதே வேலையை எடுத்துக்கொண்டது. தெளிவத்தை ஜோசப் தொகுத்த 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' ஆகிய இரண்டு பெருந்தொகுப்புகளும் 1990களின் பிற்பகுதியில் அதன் வழியாக வந்தவை. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விலை கேட்காமல் வாங்க வேண்டியவை.

தெளிவத்தை ஜோசப் ஊவாப் பக்கத்து ஆள், பதுளை மாவட்டத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1934இல் பிறந்து 2022 ஒக்டோபரில் மறைந்தார். 1974இல் வந்த 'காலங்கள் சாவதில்லை' தோட்டத்து வாழ்க்கையை விரிவாகச் சொல்லும் நாவல். 2013இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்ததை ஒட்டித் தமிழகத்தில் அவர் கதைகள் 'மீன்கள்' என்ற பெயரில் வந்தன. மலையகத்துக்கு வெளியே உள்ளவர் அதிலிருந்து தொடங்குவதே எளிது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பெற்றோர், வளர்ந்த பிள்ளைகள், பேரக் குழந்தை எல்லாரும் படுக்க வேண்டிய நிலை மனிதருக்குள் என்னவெல்லாம் செய்யும் என்பதை அவரளவுக்குத் துணிந்து எழுதியவர் குறைவு. 'குடை நிழல்' வேறு வகை. தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கு வந்து குடியேறிய தமிழனைக் இனப்போர்க் கெடுபிடிக் காலம் எப்படிப் பிடித்து உலுக்கியது என்பது அதன் பொருள். அவர் எழுதியவற்றில் இன்று அதிகம் வாசிக்கப்பட வேண்டியது இதுவே.

ஹட்டனிலிருந்து நானுஓயாவுக்குப் போகும் ரயில், எங்கள் பேச்சில் கோச்சி, கொட்டகலை, தலவாக்கலை தாண்டி வட்டகொடையில் நிற்கும். அந்தப் பக்கத்து மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் நாடாளுமன்றம் சென்ற ஏழு பேரில் தலவாக்கலை உறுப்பினர் அவர். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்து தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிவிட்டது. ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையால் வெளியுலகுக்குத் தெரிந்தவர். சக்தி பாலையா அதைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். கவிதையில் உணர்ச்சி கொஞ்சம் தூக்கல். உரைநடையில் அவர் வேறு மனிதர். தோட்டத்தில் சங்கம் அமைக்க முனைந்த தொழிலாளி வேலையையும் காம்பராவையும் ஒருங்கே இழக்கும் 'வீடற்றவன்' நாவலில் தோட்டத்தின் அதிகாரப் படிக்கட்டு முழுதாகத் தெரிகிறது: மேலே துரை, நடுவில் கணக்குப்பிள்ளையும் கங்காணியும், அடியில் பேர் போடக் காத்து நிற்பவர். வேலை போனால் வீடும் போகும் என்ற ஏற்பாடு ஒரு மனிதனை எவ்வளவு பணிய வைக்கும் என்பதைச் சரித்திர நூல்களை விட இந்த நாவல் நன்றாகச் சொல்கிறது. அவர் சேகரித்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் கங்காணியைத் திட்டும் பாட்டும் அதில் உண்டு. வாய்விட்டு வாசிக்க வேண்டிய புத்தகம்.

ஹட்டனுக்கே உரிய ஆள் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து பத்திரிகை நடத்தி, 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் அமைத்து, 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்தே அரசாங்க சபைக்குப் போனவர். அவர் மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் தாமே எழுதிய பாட்டைப் பாடி ஆட்களைச் சேர்த்தார். சாரல் நாடனின் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' இந்த வாழ்க்கையை மறதியிலிருந்து மீட்டெடுத்த நூல். தொழிற்சங்கம் என்றால் சந்தாப் பணமும் தேர்தலும்தான் என்று நினைக்கும் தலைமுறைக்கு இதைப் பரிந்துரைக்கலாம்.

தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்துக்குப் போக இரண்டு புத்தகங்கள் போதும். முதலாவது இரா. சடகோபனின் 'கண்டிச் சீமையிலே'. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு, மன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்த ஆட்களின் கதையைக் கோப்பிப் பயிரின் எழுச்சி வீழ்ச்சியோடு சேர்த்துச் சொல்கிறது. 2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டு நிறைவை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் கூட்டாக நடந்தார்கள். அந்த நடைக்குப் பின் இந்த நூலின் பாதை விவரங்கள் தனி அர்த்தம் பெறுகின்றன. இரண்டாவது மு. நித்தியானந்தனின் 'கூலித் தமிழ்'. க்ரியா 2014இல் வெளியிட்டது. மலையகம் பற்றி வந்த ஆராய்ச்சி நூல்களில் இவ்வளவு விறுவிறுப்பாக வாசிக்கக் கிடைப்பது வேறில்லை. தொழிலாளியை ஏவுவதற்குத் துரைமார் படித்த தமிழ்ப் பாடப்புத்தகங்களை அது வரிவரியாக ஆராய்கிறது. ஆபிரகாம் ஜோசப் என்பவர் 1869இல் அச்சிட்ட 'கோப்பிக் கிருஷிக் கும்மி' பற்றியும் அதில் உண்டு. கோப்பி வளர்க்கும் முறையைக் கும்மிப் பாட்டாகச் சொல்லும் நூல் அது. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதலில் காணப்பட்டதும் அதே 1869இல். புகழ்பாடிய மை உலர்வதற்குள் பயிருக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்னே, 1867இல், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வியாபார அளவில் நட்டிருந்தார். கண்டிச் சீமை தப்பிப் பிழைத்தது அதனால்.

வந்த கதைக்கு எதிர்த்திசையில் போன கதை ஒன்றும் உண்டு. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களான தோட்ட மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் தீர்த்தது. மீதி 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே லயத்து வரிசை வீட்டில் அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு. இந்தியாவுக்குப் போகும் ஆட்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலில் அழுகை ஓயவில்லை. மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுப்புக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் அமைந்தது அதனால். நீலகிரிப் பக்கத்தில் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இறங்கி மறுபடி தேயிலையிலேயே கை வைத்தவர்களின் குடும்பங்கள் இந்தத் தொகுப்பைத் தங்கள் வீட்டுக் கதையாகவே வாசிக்கலாம்.

தோட்டத்தின் உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது. ஆனால் அவர்களைப் பற்றி நெடுங்காலம் ஆண்களே எழுதினார்கள். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' மருதியைத் திருநெல்வேலியிலிருந்து இலங்கைத் தேயிலைக்குக் கொண்டுவந்தது 1930களில். 1964இல் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' வந்தபோதுதான் ஒரு பெண்ணின் கையால் அந்த வாழ்க்கை நாவலாயிற்று. நூலாசிரியரே அதைப் பிறகு ஆங்கிலத்திலும் தந்தார். நடை பழையதுதான், முதற் சில அத்தியாயங்களைப் பொறுமையோடு கடந்தால் பிறகு புத்தகம் விடாது. இன்றைய பெண் எழுத்துக்கு ஊடறு வெளியிட்ட 'மலையகா' தொகுப்பு நல்ல வாசல். கதைகளின் தரம் ஒரே சீராக இல்லை. ஆனாலும் பிள்ளைக்காம்பரா என்ற தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் குழந்தையை விட்டுவிட்டு மலைக்கு ஓடும் தாய் இப்போது தன் குரலிலேயே பேசுகிறாள். பிரமிளா பிரதீபனின் 'கட்டுபொல்' நாவலைத் தனியாகவும் தேடிப் பிடிக்க வேண்டும். தேயிலையை விட்டு எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்கு நகர்கிறது அது. மலையகத் தமிழர் எல்லாரும் குளிர்மலையில் கொழுந்து பறிப்பவர்கள் என்ற நினைப்பு அத்தோடு கலையும்.

கவிதைக்குச் சு. முரளிதரனின் 'கூடைக்குள் தேசம்', தலவாக்கலைப் பக்கத்து மல்லிகை சி. குமார், ஹட்டன் பக்கத்துச் சந்தி ஒன்றின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட மல்லியப்புசந்தி திலகர். வெளியிலிருந்து வந்து தோட்டத்தை எழுதியவர்களில் வைத்தியரான தி. ஞானசேகரனின் 'குருதிமலை' நாவல் இன்றும் வாசிக்கத் தக்கது. 1970களில் தோட்டக் காணிகள் கைமாறிய காலத்துக் கொந்தளிப்பை அருகிலிருந்து பார்த்தவரின் எழுத்து.

இவற்றை எங்கே வாங்குவது என்பதுதான் கடைசிச் சிக்கல். ஹட்டன், நுவரெலியாக் கடைகளில் பாடப் புத்தகமும் பயிற்சிப் புத்தகமும் நிறைய உண்டு, இலக்கியம் அருமை. கொழும்பில் தமிழ்ப் புத்தகக் கடைகளைச் சுற்றினால் சில கிடைக்கும். 'கூலித் தமிழ்', 'மீன்கள்' போன்றவை தமிழகப் பதிப்புகள் ஆனதால் சென்னையில் கேட்பதே சுருக்கம். அச்சில் இல்லாதவற்றுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. பழைய மலையக நூல்களும் சஞ்சிகைகளும் பக்கம் பக்கமாக வருடப்பட்டு அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. தீர்த்தக்கரை, நந்தலாலா, கொழுந்து ஆகிய சஞ்சிகைகளின் இதழ்களையும் அங்கேதான் முதலில் தேட வேண்டும்.