நான்கு கிராம்

கனடாவின் வின்னிப்பெக் நகரில் வாழ்ந்தபோது, அண்டை வீட்டுக்காரரிடமிருந்து பழைய பனிவண்டி ஒன்றை வாங்கினேன். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 240 மீட்டர் உயரமே உள்ள சமவெளி அது. உறைந்த ஏரிகளின்மேல் வண்டி அம்பெனப் பாய்ந்தது. மறு ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் மலைகளுக்கு அதைக் கொண்டுசென்றேன். வாடகை வண்டியில் மச்சானும் உடன் வந்தார். 2,000 மீட்டர் உயரத்தில், ஒரு சரிவில் பாதி ஏறுமுன் எஞ்சின் மூச்சுத் திணறியது. ரப்பர் கருகும் நாற்றம் எழுந்தது. வண்டி இடுப்பளவு பனியில் புதைந்தது. இருட்டுமுன் அதைத் தோண்டியெடுக்க நாங்கள் பட்ட பாட்டை எழுதப் புகுந்தால் இக்கட்டுரை வேறொன்றாகிவிடும். அன்றிரவே அண்டை வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்து, செத்த எஞ்சினை என் தலையில் கட்டிவிட்டீர் என்று ஏசினேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள், பட்டறை முதியவர் எஞ்சினைத் தொடவே இல்லை. கிளட்சைத்தான் கழற்றினார்.

இவ்வண்டியில் கியர் மாற்றும் வேலை ஓட்டுபவனுக்கு இல்லை. இரண்டு கப்பிகள், அவற்றிடையே ஓடும் பெல்ட், அவ்வளவே. எஞ்சினோடு சுழலும் முன்கப்பியில் சிறு எடைகள் உண்டு. வேகம் கூடக்கூட அவை வெளிநோக்கி விரிந்து, சுருள்வில்லின் எதிர்ப்பை மீறிக் கப்பியின் தட்டுகளை நெருக்கும், பெல்ட் மேலேறும், அதுவே உயர்ந்த கியர். பின்கப்பியோ, சுமை மிகும்போது பெல்ட்டை இறுகப் பற்றித் தாழ்ந்த கியருக்கு இழுக்கும். இந்த இழுபறி சரியாக அமைந்தால், முழு விசையில் எஞ்சின் தனக்குரிய சுற்றிலேயே நிற்கும்.

உயரம் 300 மீட்டர் கூடுந்தோறும், காற்று மெலிவதால், எஞ்சினின் வலுவில் நூற்றுக்கு மூன்று பங்கு போல் குறைகிறது. அம்மலையில் என் எஞ்சின் ஆறில் ஒரு பங்கு வலுவை இழந்திருந்தது. எடைகளோ சமவெளிக்கென இட்டவை. பட்டினி கிடந்தவன் தலையில் பழைய மூட்டையையே ஏற்றிய கதைதான். நிமிடத்துக்கு 8,000 சுற்றில் நிற்கவேண்டியது 7,300ஐத் தாண்ட மறுத்தது.

முதியவர் எடை ஒவ்வொன்றிலும் 4 கிராம் குறைத்தார். ஒன்றில் மட்டும் பிசகினாலும் கப்பி அதிருமாம். அதே சரிவில் மீண்டும் ஏறினேன்: 7,900. இன்னும் குறைக்கலாமே என்றேன். எடை அளவுக்கு மீறிக் குறைந்தால் எஞ்சின் வரம்பு கடந்து சுழன்று, வெறுமனே கத்தும் என்றார்.

பழைய எடைகளைச் சிறு பையிலிட்டுக் கொடுத்தார், சமவெளியில் தேவைப்படும் என்று. ஊர் திரும்பியதும் அந்தப் பையோடு அண்டை வீட்டுப் படியேறினேன். கதவு திறக்க வெகுநேரமாயிற்று.