தேக்கடி: தேங்கிய நீரும் ஓடும் நீரும்

லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறும் பேருந்து குமுளியை எட்டும்போதே காற்றில் ஏலக்காய் மணம் வீசுகிறது. தமிழகம் முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்கும் இந்த ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் தேக்கடி படகுத்துறை. படகில் ஏறியவர்களின் கண்களெல்லாம் கரையில்தான். யானைக்கூட்டம் தெரியுமா, காட்டெருமை வருமா? தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பவர்கள் அரிது.

1895ல் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக மதுரைச் சீமைக்குத் தண்ணீர் தந்தது. கூடவே, பாறைகளில் மோதி ஓடிய ஆற்றைச் சுமார் 26 சதுர கிலோமீட்டர் ஏரியாகவும் மாற்றியது. அன்று மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் இன்றும் நீருக்கு மேல் நிற்கின்றன. அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகு உலர்த்துகின்றன.

ஆற்று மீன்களுக்கு இந்த ஏரி வேறு உலகம். 1941ல் சுந்தரராஜ் விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்திய 'பெரியாறு டிரௌட்' இந்த வட்டாரத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. அடிவயிற்றின் பின்புறம் ஓடு வேய்ந்தது போன்ற பெரிய செதில்கள் இருப்பதால் இமயமலை மீன்களின் உறவு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பிற்கால மரபணு ஆய்வுகள் அதை மஹ்சீர் கூட்டத்தில் சேர்த்துள்ளன. இன்று அது அழியும் அபாயத்தில் உள்ள மீன்களில் ஒன்று.

மலை ஓடை மீன்களின் தலைவிதி பெரும்பாலும் குஞ்சுப் பருவத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. முட்டை மூச்சுவிட, கூழாங்கல் இடுக்குகளில் பிராணவாயு நிறைந்த நீர் ஓட வேண்டும். பொரித்த குஞ்சை வெள்ளம் இழுத்துப் போகாதிருக்கக் கரையோரம் சிறு மடுக்கள் வேண்டும். தின்னக் கல்பாசியும் பூச்சிப் புழுக்களும், நீரைக் குளிர்ச்சியாக வைக்க மரநிழலும் வேண்டும். மன்னார் வளைகுடாவில் ஓரா மீன் குஞ்சுகளுக்குக் கடல்புல் எப்படியோ, மலைமீன் குஞ்சுகளுக்குக் கூழாங்கல் அப்படி.

ஏரியிலோ வண்டல் படிந்து கல்லிடுக்குகள் அடைபடுகின்றன. நீர்மட்டம் ஏறி இறங்குவதால் இன்று தண்ணீர் நின்ற விளிம்பு அடுத்த மாதம் காய்ந்த சேறு. 142 அடிவரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014ல் தீர்ப்பளித்தது. அடிக்கணக்கில் நடந்த அந்த வழக்கில் மீன் குஞ்சுகள் வாதியுமல்ல, பிரதிவாதியுமல்ல.

வெளியிலிருந்து வந்த மீன்களுக்கு இந்தக் கவலை குறைவு. திலாப்பியா எனும் ஜிலேபி மீனின் தாய், முட்டைகளை வாயிலேயே சுமந்து பொரிக்கிறது. நீர் வற்றினால் நகர்ந்துவிடும். சாதாக்கெண்டை, மூழ்கிய செடிகளில் முட்டைகளை ஒட்டவைக்கிறது. தேங்கிய நீர் இரண்டுக்கும் தாய்வீடு. ஏரியில் மீன்பிடிக்கும் மன்னான், பளியர் பழங்குடிகளின் வலைகளிலும் பெரும்பங்கு வந்தேறிகள்தான். அவர்களுக்கு அதுவே பிழைப்பு என்பதால், 'பிடுங்கி எறி' என்று சொல்லிவிடவும் முடியாது.

எனவே சொந்த மீன்கள் ஏரிக்கு நீர் கொண்டுவரும் மேல் ஓடைகளில் ஒதுங்கியுள்ளன. 1978 முதல் புலிகள் காப்பகமாக இருக்கும் காடு, அந்த ஓடைகளுக்கு நிழலும் தெளிந்த நீரும் தருகிறது. புலிக்குப் போட்ட வேலி மீனையும் காக்கிறது. ஆனால் ஏரியிலிருந்து ஓடைக்கு ஏறும் கெண்டையை எந்த வனக்காவலரும் நிறுத்த முடியாது. ஓடைகளுக்கு மேலே ஒதுங்க வேறு இடமும் இல்லை.

சுற்றுலாப் படகு அந்த ஓடைகள் வரை போவதில்லை. பாதி ஏரியிலேயே திரும்பிவிடுகிறது.